முப்பத்தொரு நிமிட அமர்வு

உங்கள் அலுவலகத்து நாற்காலி நன்றாக இருக்கிறது, சார். முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. நேற்று வந்தபோதே சொல்ல நினைத்தேன், நீங்கள் போனில் இருந்தீர்கள். எங்கள் கடையில் வருகிறவர்களுக்கு மெத்து மெத்தென்று சோபா போட்டிருக்கிறோம். உட்கார்ந்தவர் எழுந்திருக்க மனம் வரக்கூடாது என்பதற்காக. இங்கே நோக்கம் வேறு போலிருக்கிறது.

நான் சொல்லச் சொல்ல உங்கள் உதவியாளர் எழுதுவதாகத்தான் ஏற்பாடு. அவர் எழுதிய நாலு வரியைப் பார்த்தேன். நான் சொன்னது ஒன்று, அவர் சுருக்கியது ஒன்று. ஆளைக் குறை சொல்லவில்லை, அவருக்கு வேலை அதிகம். அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்றேன். நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. இரண்டு மாதத்துக்கு முன்பே இயற்கை மரணம் என்று மூடிய கோப்பை இப்போது எதற்குத் திறக்கச் சொல்கிறாய் என்று. நியாயமான கேள்வி. வரிசையாகச் சொன்னால்தான் பதில் விளங்கும்.

எங்களுக்குத் திரைச்சீலைக் கடை. அண்ணன் தம்பி மூன்று பேரில் நான் கடைசி. மூத்தவர் கொள்முதல், நடுவிலவர் விற்பனை. எனக்கு அளவெடுக்கும் வேலை. டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளந்து வருவேன். நாற்பத்தைந்து வயதாகிறது. கடையில் என் சொல்லுக்குச் சுருண்டு உள்ளே போவது அந்த டேப் ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் குழந்தைக்குப் பேச்சு வருவதற்கு முன்பே பேசாமலிருக்கப் பழக்கிவிடுவார்கள். விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். முதலில் வாய் திறப்பவர் இறங்கி வருகிறார் என்று பொருள். ஒருமுறை ஒரு ஹோட்டல் மேனேஜர் நாற்பது அறைக்குத் திரை கேட்டு வந்தார். பெரியண்ணன் விலையைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேனேஜருக்கு வந்த டீ ஆறியது, ஆடை படிந்தது. கடைசியில் அவரே, "சரிங்க, கம்பியையும் நீங்களே போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அண்ணன் செய்த வேலை அதில் ஒன்றுமே இல்லை. சும்மா இருந்தார், அவ்வளவுதான்.

இந்தப் பயிற்சியோடு வந்த எனக்குத் தற்காப்புக் கலைக் கூடம் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. பதினோரு வருடமாகப் போகிறேன். கொரியக் கலை. கீழே சோபா தைக்கும் பட்டறை, மாடியில் கூடம். தரையில் ஒன்றோடொன்று கோத்துப் போடும் ரப்பர் மெத்தைகள், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, வாசலில் செருப்பு அலமாரி, அதன்மேல் போன்களைப் போட ஒரு பிரம்புக் கூடை. நடத்துகிறவர் அறுபதை நெருங்கும் ஒரு அம்மா. மாஸ்டரம்மா என்போம். குள்ளம். ஆனால் அவர் உதைத்தால் உதை வாங்கியவர் முதலில் மன்னிப்புக் கேட்பார், அப்புறம்தான் காரணம் யோசிப்பார்.

உதை, குத்து, கத்தல் எல்லாம் மற்ற நாட்களுக்கு. ஞாயிறு காலை மூச்சுக்கு. ஒரு மணி நேரம் உடம்பைக் கசக்கியபின் வரிசையாக முழந்தாளிட்டு உட்காருவோம். மூச்சைத் தொப்புளுக்கு மூன்று விரல்கடை கீழே இறக்க வேண்டும். நாலு எண்ணி உள்ளே, நாலு எண்ணி நிறுத்தி, எட்டு எண்ணி வெளியே. வயிற்றின் அந்த இடத்துக்கு டான்ஜன் என்று பெயர். அங்கே ஒரு அடுப்பு இருப்பதாகவும் மூச்சை வைத்து அதை அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றும் மாஸ்டரம்மா சொல்வார். கடைசிப் பத்து நிமிடம் எண்ணிக்கையும் கிடையாது. கண்ணை மூடி அசையாமல் இருப்பது மட்டும்.

இந்தப் பத்து நிமிடத்தைத் தொடங்கி முடித்துவைக்க ஒருவர் வேண்டும். அவர் கையில் முக்கால் பாகம் பிளந்த ஒரு மூங்கில் துண்டு இருக்கும். உள்ளங்கையில் தட்டினால் சட்டென்று வெடித்த மாதிரி கேட்கும். கொரிய மொழியில் வேறு பெயர், எங்களுக்குப் பிளாச்சு. ஒரு தட்டுக்குக் கண் மூடும், மூன்று தட்டுக்குத் திறக்கும். இடையில் எது நடந்தாலும் திறக்கக் கூடாது. பிளாச்சுக்காரர் ஒருவர்தான் எதிரே கண்ணைத் திறந்து உட்கார்ந்திருப்பார். மாஸ்டரம்மாவே முதல் வரிசையில் கண்ணை மூடி உட்காருவார். பிளாச்சுக்கு அவரும் அடக்கம்.

சத்தம் கேட்டால் என்ன செய்வது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். மாஸ்டரம்மா எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "காதுல விழுறதெல்லாம் தெருவுல போற வண்டி. நீங்க ஏற வேண்டிய வண்டி இல்ல. கை காட்டாம அனுப்பிடுங்க."

நாலு வருடமாகப் பிளாச்சு என்னிடம் இருந்தது. என் எதிரே இருபத்திரண்டு பேர். ஒரு பல் டாக்டரம்மா, ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் ஜெராக்ஸ் என்றே பெயர் வாங்கிய ஒரு பருமனான மனிதர், வக்கீல்கள், வாத்தியார்கள். நான் தட்டினால் மூடுவார்கள், தட்டினால் திறப்பார்கள். வாரத்தில் பத்து நிமிடம்தான். அது எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

லிஃப்ட்காரர் வந்து ஆறு வருடம் இருக்கும். அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒல்லி. ஆஸ்துமா. குழிக்குள் இறங்கி எண்ணெயும் தூசியுமாக வேலை செய்துவிட்டு வருவார். நெஞ்சில் எப்போதும் பழைய கதவு திறக்கும் சத்தம் ஒன்று இருக்கும். ஜெராக்ஸ் அவரைச் சீண்டாத நாள் கிடையாது.

"என்ன லிஃப்ட், இன்னிக்கு நெஞ்சுக்கு எண்ணெய் போடலையா?"

"நமக்கு எதுக்குங்க. எங்க வேலையில மூச்சு நின்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க. லிஃப்ட் நின்னாத்தான் போன் வரும்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். மனிதரைப் பிடிக்காமல் இருக்க முடியாது. அதுவும் ஒரு தொந்தரவுதான்.

இன்ஹேலரை அவர் விசில் என்பார். மெத்தைமேல் எதையும் எடுத்துவரக் கூடாது என்பது விதி. மோதிரம்கூடக் கூடைக்குப் போய்விடும். அவருக்கு மட்டும் மாஸ்டரம்மா விலக்குக் கொடுத்திருந்தார். பெல்ட் மடிப்பில் செருகி வைத்திருப்பார். என்னிடம் பிளாச்சு இருந்த நாலு வருடத்தில் அமர்வின்போது அதை எடுத்து நான் பார்த்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் முறைப்படி கையைத் தோள் உயரம் தூக்கினார், நான் தலையசைத்தேன், சத்தமில்லாமல் வெளியே போய் உறிஞ்சிவிட்டு வந்தார். இந்த வழி எல்லோருக்கும் உண்டு. முடியாதவர் கையைத் தூக்கலாம், பிளாச்சுக்காரர் அனுமதித்தால் எழுந்து போகலாம்.

என் வெளிமூச்சு நாற்பது எண்ணிக்கை போகும். அவருடையது நல்ல நாளில் பதினெட்டு. இது இரண்டும் பதிவேட்டில் இருக்கிறது, மாஸ்டரம்மா கைப்பட எழுதியது. நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அது நடந்த மாதம் இரண்டாவது ஞாயிறு, எல்லோரும் போனபிறகு, மாஸ்டரம்மா அலுவலக அறையில் கிழிந்த குத்துப்பையைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"தம்பி, அடுத்த மாசத்துல இருந்து பிளாச்சை லிஃப்ட் கையில குடுத்துடலாம்னு இருக்கேன். கடைசி ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லிடுறேன்."

"நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனாம்மா?"

"தப்பு ஒண்ணுமில்ல. உனக்கு மூச்சு சும்மா வருது. அவனுக்கு ஒவ்வொண்ணும் உழைச்சு வாங்குறது. வாங்கின விலை தெரிஞ்சவன்தானே கல்லாவுல உட்காரணும்? கடைக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு நான் சொல்லணுமா?"

நான் பேசவில்லை. வழக்கப்படி அவர்தான் அடுத்துப் பேசி இறங்கி வந்திருக்க வேண்டும். அவர் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு, "அந்தக் கத்திரிக்கோலை எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

இதை மனக்கசப்பு என்று எழுதிவிடாதீர்கள். வீட்டுக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். மறுநாள் ஏழு ஜன்னல் அளந்தேன். இரண்டைத் தப்பாக அளந்தேன், அது எல்லோருக்கும் நடப்பதுதான்.

புதன்கிழமை லிஃப்ட்காரர் கடைக்கே வந்துவிட்டார். வேலை உடுப்போடு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். எங்கள் சோபாவில் உட்காரக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார்.

"அண்ணே, அம்மா ஏதோ சொன்னாங்களாமே. எனக்கு வேணாம்ணே அது. நீங்க உட்கார்ந்தாத்தான் அந்த இடம் நிறைவா இருக்கு. நான் அம்மாகிட்டப் பேசிக்கிறேன், நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

எங்கள் தொழிலில், கேட்காமலே பொருளை ஒருவர் திருப்பிக் கொடுத்தால் முதலில் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். எங்கே ஓட்டை என்று. இவரிடம் ஓட்டை இல்லை. உண்மையாகவே சொன்னார். நாலு வருடமாக என்னுடையதாக இருந்ததை எனக்கே தானமாகக் கொடுத்துவிட்டு, நான் வருத்தப்படக் கூடாதே என்று என் முகத்தைப் பார்த்தார். நடுவிலண்ணன் கல்லாவிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"சேச்சே," என்றேன். "நீங்கதான் எடுக்கணும். எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கண்ணே."

"பிளாச்சுக்காரர் மடியிலேயே விசில் இருந்தா எதிர்ல உட்கார்ந்திருக்கிற புதுசுங்க என்ன நினைக்கும்? மூச்சைப் பழக்குறவருக்கே மூச்சு மேல நம்பிக்கை இல்லைன்னு ஆகிடாதா? அம்மா சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கு உங்க மேல பிரியம். எனக்குத் தோணுச்சு, சொல்லிட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு லாரி போகும் நேரம் இருக்கும்.

"நியாயம்தான்ணே," என்றார். "கூடையில போட்டுடுறேன். வாசல் என்ன தூரமா, பத்தடிதானே."

"அவ்வளவுதான். பத்தடி," என்றேன்.

டீ வரவழைத்தேன். குடித்துவிட்டுப் போனார். பேரம் படிந்தபின் டீ கொடுப்பது எங்கள் கடை வழக்கம்.

கடைசி ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கே நான் கூடத்துக்குப் போய்விட்டேன். சாவி ஒன்று என்னிடமும் உண்டு. மெத்தைகளைத் தூக்கிப் பெருக்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. வழக்கமாக அதைச் சனிக்கிழமை மத்தியானம் நாலு பேர் சேர்ந்து, ஜன்னலைத் திறந்துவைத்து, ஈரத் துணியால் துடைத்து முடிப்போம். கீழே பட்டறையின் பஞ்சும் மரத்தூளும் மாடிப்படி வழியாக ஏறி மெத்தைக்கு அடியில் ஒரு விரல்கனம் படிந்திருக்கும். அந்த வாரம் யாருக்கும் நேரம் இல்லை. யாராவது செய்யத்தானே வேண்டும். நான் தனியாள், வாளி தூக்கிக்கொண்டு அலைய முடியாது. வெறும் துடைப்பத்தால் பெருக்கினேன். அந்நேரத்துக்குத் தெருவில் பால் வண்டிகளின் இரைச்சல் இருக்கும் என்பதால் ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருந்தேன். நான் ஜன்னல் ஆள், சார். எந்த ஜன்னலைச் சாத்தினால் எவ்வளவு காற்று நிற்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும்.

மெத்தைகளைத் திரும்பப் போட்டு முடித்தபோது என் சட்டைமேல் மாவு கொட்டினாற்போல் இருந்தது. உதறிவிட்டு வேறு மாற்றிக்கொண்டேன்.

ஆறரைக்கு எல்லோரும் வந்தார்கள். லிஃப்ட்காரர் தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். பெல்ட்டைத் துவைத்து இஸ்திரி போட்டிருந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும் விசிலை எடுத்து, எனக்குத் தெரியும்படி கூடையில் வைத்தார். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் காட்டுவது மாதிரி. நானும் தட்டிக்கொடுத்தேன்.

முதல் வாக்குமூலத்தில், கூடை அதன் இடத்திலேயே இருந்தது என்று சொல்லியிருந்தேன். அது முழுக்கச் சரியில்லை. உடற்பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது கூடையில் யாருடைய போனோ இரண்டு தடவை அடித்தது. அமர்வுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று கூடையை அலுவலக அறையில் கொண்டுபோய் வைத்துப் பூட்டினேன். மாஸ்டரம்மா பார்த்தார். நல்ல காரியம் என்கிற மாதிரி தலையசைத்தார். முடிந்தபின் நான்தான் திறந்து எடுத்து வந்து பழைய இடத்தில் வைத்தேன். அப்போது இருந்த களேபரத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஏழு நாற்பதுக்குப் பிளாச்சைத் தட்டினேன். சுவர்க் கடிகாரம் அவர்கள் முதுகுக்குப் பின்னால், எனக்கு நேர் எதிரே. லிஃப்ட்காரர் இரண்டாவது வரிசையில் சுவரோரம்.

ஏழு நாற்பத்து நாலுக்கு அந்தக் கதவுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் மெல்ல. பிறகு, ஈர மரத்தை ரம்பத்தால் அறுப்பதுபோல. நானும் மூச்சைப் பழக்குகிறவன், எனக்கு அதன் கணக்குத் தெரியும். உள்ளே இரண்டு, வெளியே ஐந்து. அப்புறம் உள்ளே ஒன்று, வெளியே எதுவும் சரியாகப் போகவில்லை. ஜெராக்ஸின் புருவம் ஒருமுறை நெறிந்தது. பல் டாக்டரம்மாவின் விரல்கள் தொடைமேல் கொஞ்சம் அசைந்தன. மாஸ்டரம்மாவின் முகம் கல் மாதிரி இருந்தது. யாரும் கண் திறக்கவில்லை. அந்த இருபத்தொரு பேரும் பின்னால் உங்களிடம் எழுதிக் கொடுத்ததைப் படித்துப் பாருங்கள். வார்த்தை மாற்றமில்லாமல் ஒன்றையேதான் சொல்லியிருப்பார்கள். சத்தம் கேட்டது, தெருவில் போகும் வண்டி என்று அனுப்பிவிட்டோம் என்று. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவ்வளவு நன்றாகப் பழகியிருந்தார்கள்.

ஏழு ஐம்பதுக்கு நான் பிளாச்சைத் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

ஏழு ஐம்பத்தெட்டு வாக்கில் சத்தம் நின்றது. அவர் மெதுவாக முன்பக்கம் சாய்ந்து நெற்றியை மெத்தையில் வைத்துக்கொண்டார். நான் எட்டு பதினொன்று வரை பொறுத்தேன். அவசரப்பட்டால் எந்த வேலையும் அரைகுறையாகத்தான் முடியும்.

மூன்று தட்டுத் தட்டினேன். மூன்றாவது தட்டுக்கு எல்லோரும் நெற்றி தரையில் படக் குனிந்து வணங்க வேண்டும். குனிந்தார்கள். அவர் முன்னாடியே குனிந்திருந்தார். வரிசை ஒரே சீராக, பார்க்கவே நன்றாக இருந்தது. பிறகு எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

ஜெராக்ஸ் காலை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார். "அண்ணே, இன்னிக்கு என்ன அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டீங்க? நல்லா உள்ள போயிட்டிருந்தேன்."

"அஞ்சு நிமிஷமா?" என்றார் பல் டாக்டரம்மா. "என் கால் ரெண்டும் எங்க இருக்குன்னு தேடிக்கிட்டிருக்கேன். ஆனா இந்த மாதிரி ஒரு உட்கார்வு நான் வந்ததுல இருந்து கிடையாதுண்ணே. உண்மையாச் சொல்றேன்."

நாலு வருடத்தில் அப்படி ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை. நான் கை கூப்பினேன்.

ஜெராக்ஸ் பக்கவாட்டில் திரும்பினார். "லிஃப்ட், எந்திரிங்க. மேல் மாடி வந்தாச்சு." தோளைத் தொட்டார். அப்புறம் சிரிப்பு நின்றது.

பல் டாக்டரம்மா அவரைப் புரட்டிப் போட்டு நெஞ்சை அழுத்தினார். யாரோ விசிலைக் கொண்டுவா என்றார்கள். நான்தான் ஓடினேன். பூட்டைத் திறந்தேன், கூடையோடு வந்தேன். எல்லாம் முறைப்படி நடந்தது. ஆம்புலன்ஸ் வந்தது, நீங்கள் வந்தீர்கள், கேட்டீர்கள், எழுதினீர்கள். அமர்வில் நேரம் போனதே தெரியவில்லை என்று நான் சொன்னேன். எல்லோருக்குமே தெரியவில்லை என்பதால் அது பொருந்திப்போனது.

மூன்றாம் நாள் லிஃப்ட்காரர் மனைவி கூடத்துக்கு வந்தார். தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவர். கணவருடைய செருப்பையும் பையையும் வாங்கிப்போக வந்திருந்தார். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம்தான் கேட்டார்.

"அண்ணே, நீங்கதானே எதிர்ல இருந்தீங்க. கடைசில ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"இல்லம்மா," என்றேன். "தெரியவே இல்ல."

நான் சொன்ன பொய் என்று எண்ணினால் இது ஒன்றுதான் தேறும். மற்றவை நான் சொல்லாமல் விட்டவை.

இதோடு முடிந்திருக்கும், சார். நான் சமாதானமாகத்தான் இருந்தேன். பிளாச்சு மறுபடி என் கைக்கு வரும் என்று எதிர்பார்த்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமாகப் பார்த்தால் வேறு யாரிடம் போகும்? ஆனால் மாஸ்டரம்மா அதை யாரிடமும் கொடுக்கவில்லை. இரண்டு மாதமாக ஒரு செல்போன் அலாரம் வைத்து அமர்வை நடத்துகிறார். அதில் குருவி கத்துகிறது. நானும் இருபத்தொரு பேரோடு சேர்ந்து, குருவிக்குக் கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்தேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு கூடத்தின் முன்சுவரில் லிஃப்ட்காரர் படத்தை மாட்டினார்கள். சிரிக்கிற படம், எண்ணெய் வைத்து வாரிய தலை. படத்துக்கு அடியில் இரண்டு ஆணி அடித்துப் பிளாச்சைக் கிடத்திவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஆறு பேரை மாஸ்டரம்மா அங்கே நிறுத்திவைத்துச் சொன்னார்.

"இவரைப் பார்த்துக்கங்க. நெஞ்சுல மூச்சு கிடையாது, ஆனா இவர் மாதிரி உட்கார்ந்தவங்க இந்தக் கூடத்துல யாரும் கிடையாது. உயிர் போறப்பக்கூடக் கண்ணைத் திறக்கல. கையைத் தூக்கல. வரிசையைக் கலைக்கல. வணங்குன மாதிரியே போயிட்டார். முப்பது வருஷமா சொல்லிக்குடுக்கிறேன், எனக்கே வராது அது."

அந்த ஆறு பேரும் படத்தைக் குனிந்து வணங்கினார்கள். பல் டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெராக்ஸ் அழுதே விட்டார். லிஃப்ட்காரர் மனைவியும் வந்திருந்தார், பெண்ணையும் கூட்டிக்கொண்டு. அந்தப் பெண் பிளாச்சைத் தொட்டுப் பார்த்தாள். மாஸ்டரம்மா என் பக்கம் திரும்பி, "என்ன தம்பி, நீ எதிர்லயே பார்த்தவன், சரிதானே நான் சொல்றது?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் தலையசைத்தேன். வீட்டுக்கு வந்தபிறகு சாப்பாடு இறங்கவில்லை. மூன்று நாள் தூக்கமில்லை. எனக்கு மனசாட்சி என்று ஒன்று இருப்பது அப்போதுதான் உறுதியானது. ஒரு தவறான விஷயம் சுவரில் ஆணி அடித்து மாட்டப்பட்டிருக்கிறது, உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். நாற்பது எண்ணிக்கை மூச்சுள்ள ஒருவன் முப்பத்தொரு நிமிடம் கண் இமைக்காமல், கை நடுங்காமல், முதுகு வளையாமல் அந்த அறையில் உட்கார்ந்திருந்தான். அதைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது.

ஆகவே, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏழு நாற்பத்தேழுக்கு லிஃப்ட்காரர் கண்ணைத் திறந்தார். நேராக என்னைப் பார்த்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினார், முறைப்படி. அனுமதி கேட்டார். நான் இரண்டு விரலைக் காட்டினேன், இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று. இரண்டு நிமிடம் என்றால் யாரும் பொறுத்துக்கொள்வார்கள். அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஏழு ஐம்பதுக்கு மறுபடி திறந்தார். இந்தத் தடவை கை இடுப்புக்கு மேல் வரவில்லை. பெல்ட் மடிப்பைத் தடவினார், அங்கே ஒன்றும் இல்லை. வாசல் பக்கம் பார்த்தார், அலமாரிமேல் கூடை இல்லை. திரும்ப என்னைப் பார்த்தார். நான் மறுபடி இரண்டு விரலைக் காட்டினேன். பிறகு உள்ளங்கையைக் கீழே இறக்கிக் காட்டினேன், கண்ணை மூடச் சொல்லி. அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. என்னை ரொம்ப நேரம் பார்த்தார். கடிகாரப்படி நாற்பது விநாடி. எழுந்து ஓடியிருக்கலாம், கத்தியிருக்கலாம், பக்கத்தில் இருந்தவரைத் தட்டியிருக்கலாம். அப்படி ஏதாவது செய்திருந்தால் என் காரியம் முடிந்திருக்காது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நான்தான் கொன்றேன். தூசியைக் கிளப்பினேன், மருந்தைப் பூட்டினேன், கேட்டவரை உட்காரவைத்தேன். எந்தப் பிரிவு, எவ்வளவு வருடம் என்பதெல்லாம் உங்கள் வேலை. அதில் நான் பேரம் பேசப் போவதில்லை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாஸ்டரம்மாவிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். லிஃப்ட்காரர் இரண்டு தடவை கண்ணைத் திறந்தார், கையையும் தூக்கினார். அன்றைக்கு அந்த அறையில் கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தவன் நான்தான். மாட்டுவதென்றால் என் படத்தைத்தான் மாட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் படத்தைக் கழற்றிவிட்டால் போதும்.